கருவும் கூடும்: வீட்டில் ஆக்கப்படும் பழம்பாணிக் கணினிகளின் பெட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்றை மதிப்பிடுமிடத்து அதன் உருவம், உள்ளடக்கம் ஆகிய இரண்டையும் ஆராய்தல் ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் நன்கு வேரூன்றிய வழக்கமாகும். 1960களிலும் 1970களிலும் இவ்விரண்டினதும் உறவு பற்றி எழுந்த விவாதம் நம் இலக்கிய வரலாற்றின் முக்கிய அத்தியாயங்களுள் ஒன்று. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் ஒருபுறமும் மு. தளையசிங்கம் முதலியோர் மறுபுறமுமாக நிகழ்த்திய வாதங்கள் கவிதை, சிறுகதை, நாவல் என்பவற்றோடு நின்றுவிட்டன. நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்கும் உருவம் உண்டு. அவ்வுருவத்தின் பின்னே ஒரு கருத்தும் உண்டு. அவற்றை விமர்சன நோக்கில் அணுகும் முயற்சி நம்மிடையே அரிதாகவே உள்ளது. வீட்டில் ஆக்கப்படும் பழம்பாணிக் கணினிகளுக்கெனச் செய்யப்படும் பெட்டிகளை அந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழம்பாணிக் கணினி என்று இங்கு குறிப்பிடப்படுவது யாது என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். 1975இல் வெளிவந்த 6502, 1976இல் வெளிவந்த இசட்80 ஆகிய நுண்செயலிகளை மையமாகக் கொண்டு, நினைவகச் சில்லுகளையும் வேறு சில உறுப்புகளையும் சேர்த்துத் தனியொருவர் தம் கையால் ஒட்டி இணைக்கும் சிறு கணினியே அது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்த ஆர்சி2014 போன்ற உறுப்புத் தொகுதிகள் இம்முயற்சியை இன்று எளிதாக்கியுள்ளன. தனிச் சில்லாக விற்கப்பட்டுவந்த இசட்80இன் உற்பத்தியை நிறுத்துவதாகச் சைலொக் நிறுவனம் 2024இல் அறிவித்தபோது உலகின் பல பாகங்களிலும் இத்துறை ஆர்வலர்கள் கவலை தெரிவித்தமை, இவ்வார்வம் எத்துணை பரந்தது என்பதைக் காட்டும்.

இவ்வாறு ஆக்கப்படும் கணினிகள் பெரும்பாலும் வெறும் மின்சுற்றுப் பலகைகளாகவே முதலில் உயிர் பெறுகின்றன. கூடு செய்தல் கடைசியாகவே எண்ணப்படுகிறது. கரு முடிந்துவிட்டது, இனி அலங்காரம்தானே என்ற மனப்பான்மை இதற்குக் காரணமாகலாம். இம்மனப்பான்மையே விவாதத்துக்குரியது. ஒரு கணினியை யார் திறக்கலாம், எவ்வளவு காலம் அது வாழும், எந்த ஊரில் அது நிலைக்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறுவது அதன் கூடேயாகும்.

கூட்டின் தொழில்கள் எவை? உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுதல், வெளியே உள்ள தூசியையும் ஈரத்தையும் தடுத்தல், மின் இரைச்சலைக் கட்டுப்படுத்துதல், விரல்களுக்கு ஏற்ற உயரத்திலும் சாய்விலும் விசைப்பலகையைத் தாங்குதல், பழுது ஏற்படும்போது திறக்க இடங்கொடுத்தல் ஆகியவற்றைக் குறிப்பிடலாம். இவற்றுட் சில ஒன்றோடொன்று முரண்படுவன. எடுத்துக்காட்டாக, இத்தகைய கணினிகளுக்கு 5 வோல்ற்று மின்னழுத்தம் தேவை. 9 வோல்ற்று வழங்கியிலிருந்து பழைய முறை அழுத்தச் சீராக்கி ஒன்றின்மூலம் 1 அம்பியர் மின்னோட்டம் பெறப்படுமாயின், கணினி 5 வாற்றைப் பயன்படுத்த, சீராக்கி 4 வாற்றை வெறும் வெப்பமாக வெளிவிடும். இவ்வெப்பத்துக்கு வழிவிடத் துளை வேண்டும். துளையிட்டால் தூசியும் ஈரமும் நுழையும். இம்முரண்பாட்டை எவ்வாறு தீர்க்கிறது என்பதிலேதான் ஒரு கூட்டின் தரம் வெளிப்படுகிறது. சொற்சிக்கனமும் பொருட்செறிவும் முரண்படுமிடத்தில் கவிஞனின் ஆற்றல் வெளிப்படுவது போன்றதே இதுவும்.

வரலாற்றை நோக்கும்போது இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. 1976இல் வெளிவந்த அப்பிள்-1 கூடில்லாமலே விற்கப்பட்டது. விசைப்பலகையும் திரையும் மின்மாற்றிகளும் வாங்குவோர் பொறுப்பு. விலை 666.66 டொலர், ஆக்கப்பட்டவை ஏறத்தாழ 200. வாங்கியவர்கள் மரப்பலகைகளைக் கொண்டு தாமே பெட்டிகள் செய்துகொண்டனர். அவ்வாறான மரப்பெட்டியோடு கூடிய ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன அரும்பொருளகத்தில் பேணப்படுகிறது. ஹவாய்த் தீவுகளின் கோவா மரப்பெட்டியில் அமைந்த மற்றொன்று 2021 நவம்பரில் 4 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. உள்ளிருந்த பலகை எல்லாவற்றிலும் ஒன்றே. கூடுகளோ ஒவ்வொன்றும் வெவ்வேறு. ஒரே கதைக்கருவைப் பலர் எடுத்தாண்டது போன்ற நிலை இது. அதே 1976இல் லீ ஃபெல்சென்ஸ்ரைன் வடிவமைத்த சொல்-20 என்ற கணினியோ தொழிற்சாலையிலிருந்தே வாதுமை மரப் பக்கங்களோடு வெளிவந்தது. வீட்டுத் தளபாடங்களோடு கணினி ஒன்றி இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அதில் தொனிக்கிறது.

1977இல் ஜெரி மனொக் வடிவமைத்த பிளாஸ்ரிக் கூட்டோடு அப்பிள்-2 வெளிவந்தபோது நிலைமை மாறியது. கூடு ஆக்குவோனின் கையை விட்டுத் தொழிற்சாலையின் அச்சுக்குள் சென்றது. எனினும் அதன் மூடியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே புதிய பலகைகளைச் செருகலாம். பாவனையாளனை நம்பிய உருவம் என அதனைக் கூறலாம். இதற்கு மாறாக 1980இல் வந்த அப்பிள்-3, உருவத்தை முன்கூட்டியே முடிவுசெய்து அதனுள் கருவைத் திணித்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்றாயிற்று. இரைச்சலிடும் விசிறி வேண்டாம் என்பது தீர்மானம். உலோக அடித்தளமே வெப்பத்தை வெளியேற்றும் என்பது நம்பிக்கை. நிகழ்ந்ததோ வேறு. உட்பலகை நெருக்கமாக அமைந்தது முதலிய பிற குறைகளும் சேர, சில்லுகள் தம் இருக்கைகளிலிருந்து தளர்ந்தன. கணினியைச் சில அங்குலம் உயர்த்தி மேசைமீது விழவிட்டால் அவை மீண்டும் பொருந்தும் என்று பாவனையாளருக்கு ஆலோசனை கூறப்பட்டமை கணினி வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்றாகிவிட்டது. 1984இல் அதன் உற்பத்தி கைவிடப்பட்டது. உருவவாதத்தின் தோல்வியை இதனிலும் தெளிவாக எடுத்துக்காட்டல் அரிது.

சட்டமும் கூட்டை உருவாக்கும் என்பதையும் மறத்தலாகாது. கணினிகள் எழுப்பும் வானொலி அலை இரைச்சல் தொடர்பாக அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1979இல் விதிகளை வகுத்தது. அதே ஆண்டில் வெளிவந்த அற்றாரி கணினிகளின் உள்ளே தடித்த அலுமினிய வார்ப்புக் கவசம் அமைந்திருந்தமைக்கு இத்தகைய கட்டுப்பாடுகளே காரணம். மறுபுறத்தில், 1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிங்கிளேயர் ஸ்பெக்ட்ரம், றிக் டிக்கின்சன் வடிவமைத்த சிறிய கறுப்புக் கூட்டினாலும் இறப்பர் விசைகளினாலும் மலிவையே ஓர் அழகாக மாற்றிக் காட்டியது. ஆக, கூடு என்பது தனி மனித இரசனையின் விளைவு மட்டுமன்று. பொருளாதாரம், சட்டம், தொழில்நுட்பம், சந்தை ஆகிய அனைத்தும் அதில் தம் முத்திரையைப் பதிக்கின்றன. இலக்கியத்துக்குப் பொருந்தும் சமூகவியல் நோக்கு இதற்கும் பொருந்துவதாகும்.

இவ்வகையில் நம் கவனத்தை மிகுதியும் ஈர்ப்பது யூகோசிலாவியாவின் கலக்சியா என்னும் கணினி. வெளிநாட்டுக் கணினிகளை இறக்குமதி செய்வதற்கு அந்நாட்டில் கடுமையான கட்டுப்பாடுகள் நிலவிய 1983ஆம் ஆண்டில், வோயா அன்ரொனிச் என்பவர் எவரும் வீட்டில் ஆக்கத்தக்க எளிய கணினியொன்றை இசட்80ஐக் கொண்டு வடிவமைத்தார். அதன் சுற்று வரைபடம் சஞ்சிகையொன்றில் முழுமையாக வெளியிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அதனை ஆக்க முன்வந்தனர். கூடுகளைக் கையில் அகப்பட்ட பொருள்களைக் கொண்டு தத்தம் வசதிக்கேற்பச் செய்துகொண்டோர் பலர். தட்டுப்பாட்டில் பிறந்த அக்கூடுகளில் தொழிற்சாலை நேர்த்தியை எதிர்பார்த்தல் இயலாது. ஆனால் அவற்றிற் பொய்யில்லை. இருந்த பொருள், இருந்த கருவி, இருந்த தேவை ஆகிய மூன்றும் அவற்றின் உருவத்தைத் தீர்மானித்தன.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். இன்று வீட்டில் ஆக்கப்படும் பழம்பாணிக் கணினிகளின் கூடுகளில் மூன்று போக்குகளை அவதானிக்கலாம்.

முதலாவது, போலச்செய்தல். 1980களின் வெளிறிய மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கூடுகளை முப்பரிமாண அச்சுப்பொறியின் உதவியோடு மீளச் செய்வது இப்போக்கின் இயல்பு. பழைய பிளாஸ்ரிக் காலப்போக்கில் மஞ்சளாவதற்கு அதிற் கலந்த புரோமீன் சார்ந்த தீத்தடுப்புப் பொருள்கள் ஒரு காரணமாகக் கூறப்படுகின்றன. உண்மையான பழைய கூடுகளை வைத்திருப்போர் ஐதரசன் பேரொட்சைட்டுக் கொண்டு அம்மஞ்சளை அகற்ற முயல்கின்றனர். புதிதாகச் செய்வோரோ அதே மஞ்சளைத் தேடிப் பூசுகின்றனர். அச்சுப்பொறியில் மிகுதியும் பயன்படும் பிளாஸ்ரிக் வகை ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும் என்பதையும், சூடேறும் சீராக்கி அதன் அருகில் இருத்தலாகாது என்பதையும் இப்போக்கினர் சிலவேளை கருதுவதில்லை.

இரண்டாவது, கூட்டையே மறுத்தல். பலகையைத் திறந்தபடி விடுவதும், கண்ணாடி போன்ற அக்கிரிலிக் தகடுகளுக்கிடையே வைப்பதும் இதில் அடங்கும். மறைப்பு எதுவும் வேண்டாம், கருவே அழகு என்பது இதன் கோட்பாடு. கற்பித்தலுக்கு இது பெரிதும் உகந்தது. ஆயினும் காட்சிக்கு வைத்த பொருள் வேறு, பயன்படும் பொருள் வேறு. திறந்த பலகையின் பக்கங்களில் உப்பும் தூசியும் படிவதை எந்த அழகியலும் தடுப்பதில்லை.

மூன்றாவது, மரத்தை நாடுதல். இது அப்பிள்-1 காலத்து வீட்டுத் தச்சின் தொடர்ச்சி. மூன்று போக்குகளுள்ளும் கையின் அடையாளம் மிகுதியாகக் காணப்படுவது இதிலேதான். இதிலும் விலையுயர்ந்த மரத்தை மெருகிட்டு, உள்ளே இருப்பது யாதாயினும் வெளியே ஓர் ஆபரணப் பேழையாக்கிவிடும் அபாயம் உண்டு.

இம்மூன்றையும் நோக்குமிடத்து நமக்கென ஒரு வினா எழுகிறது. பழம்பாணி என்பது யாருடைய பழமை? ஸ்பெக்ட்ரம் வெளிவந்த 1982ஆம் ஆண்டு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு. கலக்சியா உருவான 1983 எத்தகைய ஆண்டு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், 2010 என்ற திரைப்படம் தொடர்பாக லொஸ் ஏஞ்சலிசில் இருந்த இயக்குநர் பீற்றர் ஹயம்சோடு கைப்ரோ என்னும் உலோகப் பெட்டிக் கணினியின் வழியாகத் தொலைபேசி இணைப்பில் கருத்துப் பரிமாறிக்கொண்ட காலமும் அதுவே. அக்கடிதங்கள் 1985இல் நூலாகவும் வெளிவந்தன. இலங்கையில் வீட்டுக் கணினி இருந்தது. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது ஒரே இலங்கையாக இருக்கவில்லை. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையும், 1990இன் பின் பல ஆண்டுகள் குடாநாடு பொது மின்சாரமின்றி இருந்தமையும் நம் முந்திய தலைமுறையினரின் நினைவுகள். அக்காலத்தை வெளிறிய மஞ்சட் பிளாஸ்ரிக்கில் நினைவுகூர்வது, வாழாத வாழ்வொன்றுக்காக ஏங்குவதாகும்.

நமக்கென மின்னணுப் பழமை எதுவுமே இல்லை என்று இதனால் கொள்ளுதல் கூடாது. பொருளாதாரத் தடையின் காரணமாகப் பற்றரிகள் கிடைக்காத ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர் குடாநாட்டு மக்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையே ஓர் இருவாயி தேவை என்ற பாடத்தை வகுப்பறைக்கு வெளியே பலர் கற்றுக்கொண்ட காலம் அது. அந்த வானொலியை அழகுப் பொருளாக எவரும் கருதவில்லை. எனினும், தொழிற்சாலை மூடிவிட்டுச் சென்ற கூட்டைத் திறந்து, உள்ளே நிகழ்வதை அறிந்து, கைக்குக் கிட்டியதைக் கொண்டு இயக்கும் துணிவு அதில் இருந்தது. வீட்டில் கணினி ஆக்குவோர் போற்றும் பண்பும் இதுவேயன்றி வேறன்று.

உருவத்தைத் தேவையிலிருந்து பெறும் தச்சு மரபொன்றும் இப்பகுதிக்கு உண்டு. பருத்தித்துறைக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள வல்வெட்டித்துறையில் ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சனால் வாங்கப்பட்டு, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்ற பெயரோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கப்பலும் ஒருவகையிற் கூடுதானே? நீரை வெளியே வைத்து, சரக்கை உள்ளே வைத்து, காற்றுக்கு இசைந்து கொடுக்கும் கூடு அது. பனையோலைத் தொழிலிலும் இதே அறிவைக் காணலாம். பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி ஆவியை உள்ளே விட்டு, மாவைக் கீழே விழாது தடுக்கிறது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற கணிப்பு அதன் பின்னலிலேயே அமைந்துள்ளது. கணினிக் கூட்டின் காற்றுத்துளைப் பிரச்சினையும் அடிப்படையில் இதுவே.

ஆகவே பருத்தித்துறையில் இருந்துகொண்டு இத்தகைய கணினியை ஆக்க முனையும் ஒருவர் எவ்வாறான கூட்டை நாடலாம்? இலங்கையின் வடமுனையில், கடலை ஒட்டிய ஊர் இது. வாடைக் காலத்தில் உப்பும் ஈரமும் கலந்த காற்று வீடுகளுக்குள் புகும். செம்பில் களிம்பு ஏறும். சில்லுகளின் இருக்கைகள் தொடுகை இழக்கும். ஆகையால் காற்றுத்துளைகள் மேற்புறத்திலன்றி அடிப்புறத்திலும் பின்புறத்திலும், நுண்வலை மூடியோடு அமைதல் நன்று. வைரம் பாய்ந்த பனைமரம் கரையானை எதிர்ப்பது. கருநிற நார்கள் ஓடும் அதன் தோற்றமும் தனித்துவமானது. ஆனால் நார்வழியே பிளக்கும் இயல்பும் அதற்குண்டு. முன்கூட்டித் துளையிடாது ஆணி அறைதல் கூடாது. மரம் ஈரத்தில் விரிந்து கோடையிற் சுருங்குவதால் மின்சுற்றுப் பலகையை நேரே மரத்திற் பொருத்தாது அலுமினியத் தகடொன்றிற் பொருத்தி, அத்தகட்டை நீள்துளைகளின் வழியே மரத்தோடு பிணைத்தல் வேண்டும். அத்தகடே சீராக்கியின் வெப்பத்தையும் உறிஞ்சும்; சுற்றின் பொது முனையோடு இணைத்தால் இரைச்சலையும் ஓரளவு அடக்கும். 230 வோல்ற்று மின்னை மரப்பெட்டிக்குள் கொண்டுவராது, மின்மாற்றியை வெளியே வைத்தலே பாதுகாப்பானது. திருகாணிகள் இரும்பாயின் துருப்பிடிக்கும், பித்தளையே தகும்.

விசைப்பலகையும் கூட்டின் ஒரு பகுதியே. இலங்கையின் தமிழ் எழுத்துத் தராதரமான எஸ்.எல்.எஸ். 1326, 2008இல் வெளிவந்தது. அது றெங்கநாதன் விசையமைப்பை ஏற்றுக்கொண்டது. பழம்பாணிக் கணினியின் விசைகளில் அவ்வமைப்பைப் பொறிக்க எவ்விதத் தடையுமில்லை. தடை உள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் 8க்கு 8 புள்ளிகளுள் அடக்கும் அக்காலத் திரைமுறை ஆங்கில எழுத்துகளுக்கு ஏற்பட்டது. அச்சதுரத்தில் ணகரத்தின் சுழிகளையும் அதன் உயிர்க்குறிகளையும் ஒருங்கே அமைத்தல் இயலாது. இரு சதுரங்களை இணைத்தே அதனை வரைதல் வேண்டும். விசையில் தமிழைப் பொறித்துவிட்டுத் திரையில் தமிழைக் காட்ட இயலாத கணினி, உருவம் ஒன்று கூற உள்ளடக்கம் வேறொன்று கூறும் படைப்பாகும். கூட்டைச் செய்பவர் கருவுக்குத் திரும்பிச் சென்று எழுத்துருவை அமைக்க நேரிடுவது இவ்விடத்திலேயே. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கமுடியாதவை என்று ஏட்டில் படித்த கூற்று இங்கே கைவேலையாக மாறுகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். பனைமரத்தாற் செய்துவிட்டால் அது நம்முடையதாகிவிடுமா? நினைவுப்பொருட் கடைகளில் எப்பொருளின் மீதும் ஓலையைச் சுற்றி மண்வாசனை என விற்கப்படுவதை நாம் அறிவோம். இவ்வாட்சேபம் நியாயமானதே. நுண்செயலி நம் நாட்டிற் பிறந்ததன்று. சில்லுகள் யாவும் கடல் கடந்து வருபவை. பனைப்பலகை இவ்வுண்மையை மறைக்கப் பயன்படுமாயின் அதுவும் வெளிறிய மஞ்சட் பிளாஸ்ரிக்குக்கு ஒப்பானதே. மரத்தைத் தெரிவதற்குக் காரணம், உப்புக் காற்றில் அது நிலைக்கும் என்பதும், ஊர்த் தச்சரால் அதனைத் திருத்த முடியும் என்பதும், உடைந்த பலகைக்குப் பதில் வேறொன்றை அடுத்த வளவிலேயே பெறலாம் என்பதுமாக இருத்தல் வேண்டும். இக்காரணங்கள் பொருந்தாத வேறோர் ஊரில் பனைமரமும் போலியே. அங்கு தகரம் பொருந்துமாயின் தகரமே உண்மையான உருவமாகும்.

எனவே இத்தகைய கூடுகளை மதிப்பிட விரும்பும் விமர்சகன் மூன்று அளவுகோல்களைக் கொள்ளலாம். உள்ளிருக்கும் கருவியின் தேவைகளுக்குக் கூடு விடை கூறுகிறதா என்பது முதலாவது. அது வாழப்போகும் இடத்தின் காற்றையும் வெயிலையும் கருத்திற் கொண்டுள்ளதா என்பது இரண்டாவது. ஆக்கியவர் இல்லாதபோதும் இன்னொருவர் அதனைத் திறந்து விளங்கிக்கொள்ள இடமுண்டா என்பது மூன்றாவது. முதல் இரண்டில் வெற்றிபெற்ற பல தொழிற்சாலைக் கூடுகள் மூன்றாவதிலேயே தோல்வியுறுகின்றன. இன்று நம் கைகளிலுள்ள தொலைபேசிகள் பல பசையால் ஒட்டி மூடப்பட்டவை. திறத்தலே குற்றம் என்பதுபோல் அமைந்தவை. வீட்டில் ஆக்கப்படும் கூடு எத்துணை கரடுமுரடாயினும் இவ்விடத்தில் அவற்றை விஞ்சி நிற்க முடியும்.

பழைய குழாய் வானொலிகள் பலவற்றின் உட்புறத்தில் சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருந்ததைத் திருத்துநர்கள் அறிவர். அவ்வழக்கத்தை நம் ஆக்குநர்கள் மீட்டெடுத்தல் நன்று. மூடியின் உட்புறத்தில் சுற்று வரைபடத்தையும் உறுப்புகளின் பெயர்களையும் தமிழில் எழுதி ஒட்டி, ஆக்கிய ஆண்டையும் குறித்து வைத்தால், முப்பது ஆண்டுகளின் பின் அப்பெட்டியைத் திறக்கும் ஓர் இளைஞன் அல்லது யுவதி முதலில் வாசிக்கப்போவது அதனையே. அன்று இசட்80 சில்லு கிடைப்பது அரிதாயிருக்கலாம். ஆயினும் அது என்ன செய்தது, எவ்வாறு இணைக்கப்பட்டது என்பன தமிழில் விளங்கக்கூடியனவாய் அங்கே இருக்கும். அத்தகைய கூடொன்று வடமராட்சியின் ஏதேனும் ஒரு வீட்டில் உருவாகுமாயின், அதனைத் தேடிச் சென்று விமர்சித்தலும் தமிழ் விமர்சனத்தின் பணிகளுள் ஒன்றாகும்.